பவளம் சின்னம்மாவும் பிறசர் குளிசையும்

ஞாயிறு காலமை சண்டிலிப்பாய்க்குப் போய், பவளம் சின்னம்மாவைப் பிறசர் குளிசை, அதாவது இரத்த அழுத்த மாத்திரை, போடவைக்க வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

நான் டொக்டர். முகநூலில் மருத்துவ வீடியோவும் போடுகிறவன். அது சின்னம்மாவுக்குத் தெரியாது.

முற்றத்தில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தா. பிறசர் பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது.

"குளிசையை ஏன் விட்டனீங்கள்?"

"இப்ப வெண்டிக்காய் ஊறவைச்ச தண்ணிதான். கனடாவிலையிருந்து சுபா அனுப்பின வீடியோவிலை ஒரு டொக்டர் சொன்னவர்."

சுபா சின்னம்மாவின் மகள்.

"அவர் டொக்டர் இல்லை, சின்னம்மா!"

"கழுத்திலை குழாய் கிடந்ததே!"

"நானும் டொக்டர்தானே?"

"நீ எங்கடை பொடியன்."

மூளையில் இரத்தக்குழாய் வெடிக்கும் என்றேன். இடியப்பம் வைத்தா. கை கால் விழுந்துவிடும் என்றேன். சம்பல் வைத்தா. மூளையைப் படமாகக் கீறிக் காட்டினேன்.

"நல்ல வடிவாய்க் கீறுறாய்."

என் குரல் உயர்ந்துவிட்டது.

"தம்பி, உனக்கும் பிறசர் போலை கிடக்கு. இந்தா, குடி."

மறுத்தால் கோபிப்பா. குடித்தேன். வழவழவென்று இறங்கியது.

நிமிர்ந்தால், சின்னம்மாவின் கையில் ஃபோன்! படம் எடுத்து, "டொக்டரும் குடிக்கிறார்" என்று குடும்பக் குழுவில் போட்டுவிட்டா.

உடனே நெல்லியடியிலிருந்து பெரியப்பா ஃபோன் எடுத்தார்.

"தம்பி, அப்ப நானும் குளிசையை விடட்டோ?"

"ஐயோ, விட்டிடாதேங்கோ!"

"நீ மட்டும் குடிக்கிறாய்!"

வேறு வழியில்லை. கிணற்றடிக்குப் போய்ச் சுபாவுக்கு ஃபோன் எடுத்தேன். குளிசையை நிறுத்தாதீர்கள் என்று நான் பேசிய வீடியோவை அனுப்பி, குழுவில் போடச் சொன்னேன்.

"அண்ணை, நீங்களும் வீடியோ போடுறனீங்களோ?"

அந்த அவமானத்தையும் விழுங்கிக்கொண்டேன்.

ஃபோன் சிணுங்கியது. சின்னம்மா கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, கடைசிவரை பார்த்தா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். இடியப்பம் வைக்கும்போது நான் சொன்ன அதே வசனங்கள். ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை.

பெரியப்பாவின் குரல்பதிவு வந்தது: "கனடாவாலை வந்திருக்கு. குளிசையை விடக்கூடாதாம்."

சின்னம்மா எழும்பி உள்ளே போனா. குளிசையை எடுத்து வந்து என் முன்னாலேயே விழுங்கினா. பிறகு என்னைக் கொஞ்சம் மனத்தாங்கலோடு பார்த்தா.

"இவ்வளவு விளக்கமாய்க் கதைக்கிறாய். இதை நேரிலை வந்து சொல்லியிருக்கலாமே?"

எங்கள் வீட்டிலிருந்து சண்டிலிப்பாய்க்குக் கிட்டின வழி கனடாதான்.