பிஸ்கட் டப்பாவுக்குள் போன என் ஓட்டு

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகளும் சுகம். உங்கள் தங்கை மிகமிகச் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அக்காவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்ததா, மாடி ஒழுகல் நின்றதா என்றெல்லாம் விரிவாக விசாரிக்கத்தான் உட்கார்ந்தேன். மனசு ஒரு நிலையில் இல்லாததால் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நடந்து முடிந்த தேசியத் தேர்தலில் உங்கள் தங்கை என்னை ஓட்டுப் போட விடவில்லை. உடனே அவள்மேல் கோபப்படாதீர்கள். நான் ஆற அமரச் சொல்கிறேன், கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

நான் கடைத் தராசுகளுக்கு முத்திரை வைத்தே ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் தலையைக் கண்டால் கடைக்காரர்கள் எடைக்கல்லைத் துடைத்து வைப்பார்கள். ஓய்வுக்குப் பின் கையில் தராசு எதுவும் இல்லாததால் தேர்தலைக் கையில் எடுத்துக்கொண்டேன். தேர்தல் நேர்மையாக நடக்க என்னென்ன செய்யலாம் என்று தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிய வண்ணமே இருந்தேன். வாக்காளர் அட்டையைத் தவிர வேறு எந்த அட்டையும் செல்லக்கூடாது என்று எழுதினேன். ஓட்டுப்பதிவு முடிந்து மணி அடிக்கும் நேரத்தில் வரிசையில் நிற்பவனுக்கு மட்டும் ஓட்டுச் சீட்டு, மற்றவன் எவனாக இருந்தாலும் வீட்டுக்கு என்று எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இந்தத் தடவை பார்த்தால் இரண்டும் சட்டமாகவே வந்துவிட்டன. நான் எழுதித்தான் வந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். அந்தச் சமயம் பார்த்து, குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் உங்கள் தங்கையை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போட்டார்கள். அதுவும் ஆள் பற்றாக்குறையாம், எங்கள் தெருவுக்கான சாவடியிலேயே. சொந்தத் தெருவில் சொந்தக்காரர்கள் சலுகை கேட்பார்கள், இது முறையில்லை என்று நானே ஆட்சேபம் எழுதிப் போட்டேன். அதற்கும் பதில் இல்லை.

சரி, விழுந்தது விழுந்துவிட்டது, இவளைத் தயார்படுத்திவிடுவோம் என்று தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலேயே ஒத்திகை வைத்தேன். சாப்பாட்டு மேசைதான் சாவடி. காலி பிஸ்கட் டப்பாவின் மூடியில் கத்தியால் கீறி வாக்குப்பெட்டி செய்தேன். ஓட்டுக்கு ஒரு விஷயம் வேண்டுமே என்று, கூடத்தில் நிற்கும் என் உடற்பயிற்சிச் சைக்கிளை வைத்திருப்பதா, தூக்கிப் போடுவதா என்று வைத்துக்கொண்டோம். நான் அதில் ஏறுவதில்லை, துணி மட்டும்தான் காய்கிறது என்பது உங்கள் தங்கையின் நெடுநாள் புகார். நான் ஒரு தடவை காது கேளாத கிழவனாக வந்தேன். ஒரு தடவை கட்சிக்காரனாக வந்து மேசையைத் தட்டினேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கள்ள ஓட்டுப் போடவும் வந்தேன். இப்படி இன்னும் பல வேஷம், வேஷத்துக்கு ஒரு சீட்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் என்னுடைய ஒரே அட்டைதான். கடைசியில் ஒன்றும் புரியாத ஆசாமியாக வந்து, சீட்டோடு சேர்த்து அட்டையையும் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "ஐயோ, என் அட்டை உள்ள விழுந்துடுச்சே, திறந்து குடுங்கம்மா" என்று அழுதேன். உங்கள் தங்கை கொஞ்சமும் அசையவில்லை. "பெட்டி இனிமே எண்ணும்போதுதாங்க திறக்கும். அடுத்த ஆள் வாங்க" என்றாள். மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில், என்னிடம் மிச்சமிருந்த அரக்கை உருக்கி டப்பாவுக்குப் பழைய பாணியில் நாலு பக்கமும் முத்திரை வைத்தேன். அட்டை உள்ளே இருப்பதை நாங்கள் மூன்று பேருமே மறந்துவிட்டோம்.

அவள் விடிவதற்கு முன்பே கிளம்பவேண்டும். கூட வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுக்க அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவையும் பையில் வைக்கச் சொல்லியிருந்தாள். நான் தூக்கக் கலக்கத்தில் எந்த டப்பாவை எடுத்து வைத்திருப்பேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். இரண்டுமே ஒரே கம்பெனி, ஒரே நிறம். காலையில் நான் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, அட்டையைத் தேடினால் காணோம். மெத்தைக்கு அடியில் தேடினேன், மகளின் புத்தகப் பையில் தேடினேன், சைக்கிளின் சீட்டைக் கூடக் கழற்றிப் பார்த்தேன். அலமாரியைத் திறந்தபோது பிஸ்கட் டப்பா பிஸ்கட்டோடு உட்கார்ந்திருக்கிறது. அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். பிஸ்கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அட்டை கிடக்கும் ஒத்திகை டப்பாவை வாங்கிக்கொள்ளலாம் என்று பிஸ்கட் டப்பாவும் கையுமாகப் போய் வரிசையில் நின்றேன். வாசலில் இருந்த போலீஸ்காரர் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு அடுக்காகப் பார்த்து, இரண்டைத் தின்றும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் உங்கள் தங்கை உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருக்கலாம், இல்லையா? "ஐயா, உங்க வாக்காளர் அட்டை?" என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னை அவள் ஐயா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் குனிந்து மெதுவாக, "ஏம்மா, அட்டை அந்த டப்பாவுக்குள்ள இருக்கு. உன் பைக்குள்ள இருக்கு பாரு" என்றேன். அவள் பையைத் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மூடியில் கீறல், நாலு பக்கமும் அரக்கு, உள்ளே சீட்டுகள் சலசலக்கும் சத்தம். நடக்கிற தேர்தலில், தலைமை அலுவலரின் பைக்குள் இன்னொரு வாக்குப்பெட்டி! பக்கத்தில் இருந்த கட்சி ஏஜெண்ட் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இன்னொரு பெட்டியா?" என்று எழுந்தார். மற்ற ஏஜெண்டுகளும் எழுந்துவிட்டார்கள். நான் பதறிப்போய், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, எங்க வீட்டு சைக்கிள் எலெக்‌ஷன்" என்றேன். அது நிலைமையைச் சீர்படுத்தவில்லை.

வேறு யாராவது இருந்தால் டப்பாவைப் பைக்குள் தள்ளி மறைத்திருப்பார்கள். உங்கள் தங்கை அதை எடுத்து எல்லார் கண்ணிலும் படும்படி நடு மேசையில் வைத்தாள். "இது எங்க வீட்டு ஒத்திகைப் பெட்டி. தப்பா பைல வந்துடுச்சு. நான் இதைத் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீங்க. மேலதிகாரிக்குச் சொல்லி அனுப்பறேன், அவர் வந்து உங்க முன்னாடி திறக்கட்டும். இப்ப ஓட்டுப் பதிவு நடக்கட்டும்" என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. ஏஜெண்டுகள் உட்கார்ந்துவிட்டார்கள். இது வேறு மாதிரி போனால் அவள் வேலையே போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரத்தில் எங்கள் தெருவின் ஜீப்புக்காரர் உள்ளே வந்தார். தேர்தலுக்குத் தேர்தல் எங்கிருந்தோ பையன்களை ஏற்றி வருகிற ஆள். வரிசையில் எனக்குப் பின்னால் அப்படி ஒரு கும்பல், ஒருவனிடமும் அட்டை இல்லை. ஜீப்புக்காரர் என் தோளில் கை போட்டு, "என்னம்மா, உங்க வீட்டுக்காரர்தானே? அட்டை இல்லன்னா என்ன, மூஞ்சி தெரியலயா உங்களுக்கு? விடுங்கம்மா, பாவம். அப்படியே இந்தப் பசங்களும் நம்ம பசங்கதான், எனக்கு மூஞ்சி தெரியும்" என்றார். எனக்காக ஒருவர் பரிந்து பேசுகிறாரே என்று நான் வேறு தலையை ஆட்டித் தொலைத்தேன். உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பையன்களைப் பார்த்தாள். "அட்டை இல்லாதவங்களுக்கு ஓட்டு இல்லைங்க ஐயா. வெளிய போங்க. அடுத்தவங்க வாங்க" என்றாள். சொன்னது என்னைப் பார்த்துத்தான். நான் வெளியே வந்தேன். பின்னாலேயே ஜீப்புக்காரரும் வந்தார். "கட்டின புருஷனையே துரத்துறாங்க, நம்மள எங்க விடப் போறாங்க, ஏறுங்கடா" என்று பையன்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து, பாதி டப்பா பிஸ்கட்டை நானே தின்றுவிட்டேன்.

மேலதிகாரி வந்து சேர்ந்தபோது முடியும் நேரம் நெருங்கிவிட்டது. டப்பாவுக்கு முத்திரை வைத்தவன் என்ற முறையில் என்னையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். அவர் அரக்கை உடைத்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எல்லார் முன்னாலும் படித்தார். "சைக்கிள் இருக்கட்டும். சைக்கிள் இருக்கட்டும். சைக்கிள் இருக்கட்டும்." மூன்று பேர் உள்ள வீட்டில் பதினொரு ஓட்டு. அதில் ஒன்றே ஒன்றுதான் "தூக்கிப் போடு". ஏஜெண்டுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன சார், வீட்டுக்குள்ளயே கள்ள ஓட்டா?" என்று கேட்டார் ஒருவர். தேர்தல் நேர்மைக்காக இத்தனை காலம் எழுதியவனுக்கு அது தேவைதானா, சொல்லுங்கள். கடைசியாக என் அட்டை வந்தது. மேலதிகாரி என் கையில் கொடுத்த அதே நேரம் வெளியே மணி அடித்தது. எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் ஒரே குரலில், "பாவம்மா, சார் காலையிலேருந்து நிக்கறாரு, போடட்டும்" என்றார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். உங்கள் தங்கை வாசல் போலீஸ்காரரைப் பார்த்து, "மணி அடிக்கும்போது வரிசைல நின்னாரா?" என்று கேட்டாள். நான் வரிசையில் எங்கே நின்றேன், குற்றவாளி மாதிரி டப்பாவுக்குப் பக்கத்தில் அல்லவா நின்றேன்! "அப்ப இல்லைங்க" என்று கதவைச் சாத்தச் சொல்லிவிட்டாள்.

வயசு வந்த நாளிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவன் நான். காய்ச்சலில் போர்வையோடு போய்ப் போட்டிருக்கிறேன். இப்போது தெருவில் எல்லார் விரலிலும் மை, என் விரல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கிறேன். வீட்டுக்கு வந்தாவது ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தாளா என்றால் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய்ப் படுத்தாள். நானும் அன்றிலிருந்து மகள் மூலமாகத்தான் பேசுகிறேன். ஆகவே, மூத்தவர் என்ற முறையில் நீங்கள் ஒரு நடை வந்து, கட்டினவனுக்கும் கண்டவனுக்கும் வித்தியாசம் உண்டு என்று உங்கள் தங்கைக்கு எடுத்துச் சொல்லவேண்டும். இனிமேல் தேர்தல் வேலைக்கே போகமாட்டேன் என்று அவளிடம் வாக்குறுதியும் வாங்கித் தரவேண்டும். போகும்போது சைக்கிளை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள், முழங்காலுக்கு நல்லது.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நீண்ட ஆயுளோடும், கையில் அவரவர் அட்டையோடும் நன்றாக இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
மை படாத விரலோடு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது தேர்தல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. டப்பா விஷயத்தில் விசாரணையாக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. பக்கத்துத் தொகுதியில் ஒரு சாவடியில் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம், மறு ஓட்டுப்பதிவாம். "புருஷனையே திருப்பி அனுப்பினாங்களே, அந்த அம்மா உட்கார்ந்தா நாங்க நம்புறோம்" என்று அங்கே எல்லாக் கட்சியும் கேட்கிறதாம். உங்கள் தங்கை முடியாது என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று நானே நேராகக் கேட்டேன். "அன்னிக்கு உங்கள அனுப்பிட்டு எனக்குப் பேனா பிடிக்க முடியலங்க. உங்க மூஞ்சிய இன்னொரு தடவை அப்படிப் பார்க்க என்னால ஆகாது" என்றாள். மச்சான், நான் என் சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்த விரலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். போனைப் பிடுங்கி, "அவங்க வருவாங்க, நான் கொண்டுவந்து விடறேன்" என்று சொல்லிவிட்டேன். ஆகையால் மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளவேண்டாம். அவளைக் கண்டிக்க வரவும் வேண்டாம். சைக்கிளும் கிடைக்காது, போன் வந்த கையோடு எங்கள் வீட்டில் நேர்மையாக நடந்த மறுதேர்தலில் தோற்றுப் பழைய சாமான்காரரோடு போய்விட்டது. சும்மா பார்க்க வருவதானால் தாராளமாக வாருங்கள், ஆனால் அடையாள அட்டையோடு வாருங்கள். கூடப் பிறந்த அண்ணன் என்று வாசலில் நின்று சொன்னால் இந்த வீட்டில் செல்லாது.