சத்துணவு வகுப்பில் ஒரு ஹெட்மாஸ்டர்

என் மகள் கண்ணம்மாவை நாலாங்கிளாசில் பெயில் போட்ட அன்றே முடிவெடுத்தேன். இனி அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கோவில்பதாகையில் என் வீடுதான் பள்ளிக்கூடம், நான்தான் ஹெட்மாஸ்டர். அம்பத்தூரில் எங்கள் கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கும் ஒரு உத்தியோகம் வேண்டுமே.

பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவரும் வேலையை என் மனைவி பூங்காவனத்திடம் விட்டேன். ஹெட்மாஸ்டர் அதற்கெல்லாம் அலையக்கூடாது. அவள் மறுத்துப் பேசவில்லை. பதினோரு வருடக் குடித்தனத்தில் அவள் மறுத்துப் பேசாதபோதெல்லாம் எனக்குத்தான் சேதம். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"சரிய்யா, நீயே படிக்க வை. சர்ச் ஹால்ல ஜெயசீலி டீச்சர் சனிக்கெழமைல கிளாஸ் எடுக்கறாங்களாம். ஊட்லயே புள்ளய படிக்க வைக்கிறவங்களுக்கு, சத்துணவு, சமையல்லாம் கத்துத் தராங்க. பேர் குடுத்துரலாமா?"

"தாராளமா குடு."

அவள் போய்விட்டால் சனிக்கிழமை முழுக்கச் சீட்டாடலாம். அவள் வைக்கும் சாம்பாரும் தேறும்.

ஃபாரத்தை என்னிடமே நீட்டினாள். 'வீட்டில் கற்பிப்பவர்' என்ற இடத்தில் 'அய்யாசாமி, ஹெட்மாஸ்டர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"யார் கத்துக்குடுக்கறாங்களோ அவங்கதாண்ணே கிளாசுக்கு வரணும்," என்றார் ஜெயசீலி டீச்சர். அந்தச் சனிக்கிழமையே சர்ச் ஹாலில் ஏழு அம்மாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினேன். மானம் போயிற்று.

தப்பிக்க ஒரே வழி பெயிலாவதுதான். கேழ்வரகு அடையில் உப்பை அள்ளிக் கொட்டினேன். சுண்டலை வேகாமலே இறக்கினேன். டீச்சர் கடித்துப் பார்த்தார். முகம் கோணவே இல்லை.

"இங்க யாரையும் பெயில் போடறதில்லண்ணே. சரியா வராதவங்களுக்கு புதன்கிழமையும் கிளாஸ் உண்டு. வீட்லயும் தினம் சமைங்க. பொண்ணு சாப்பிட்டு நோட்டுல மார்க் போடட்டும்."

என் மாணவி எனக்கு மார்க் போட்டாள். முதல் வாரம் பத்துக்கு ஒன்று.

"அந்த ஒரு மார்க் எதுக்கும்மா?"

"குடிக்கத் தண்ணி வெச்சல்ல, அது நல்லா இருந்துச்சி நைனா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கணக்கில் பெயிலான குழந்தையிடம் சுண்டலில் பெயிலாவதா? சீட்டை மறந்தேன். பாடம் நடத்துவதையும் மறந்தேன். அடுப்படியே கதியென்று கிடந்தேன். ஐந்தாம் வாரம் பத்துக்குப் பத்து. கம்பெனி மூடியபின் என்னை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. நோட்டை எடுத்துக்கொண்டு பூங்காவனத்திடம் ஓடினேன்.

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"தேறிட்டே. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில எனக்குத் தையல் வேலை சொல்லி வெச்சிகீறேன். திங்கக்கெழமைலேந்து போறேன்."

"நீ பாட்டுக்குப் போ. கண்ணம்மாவுக்கு நான் பாடம் நடத்திக்கறேன்."

"அவ எங்க இங்க இருக்கப் போறா? அன்னிக்குத்தான் இஸ்கூல் தொறக்கறாங்க."

"டி.சி. வாங்கியாச்சில்ல?"

"யார் வாங்குனா? இத்தினி நாளா மே மாச லீவுய்யா."

என் பள்ளிக்கூடமும் மூடியாயிற்று. கம்பெனியில்கூட மூடுமுன் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

பூங்காவனம் இரண்டு டிபன் பாக்சைத் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

"காலைல ஏழு மணிக்கு ரெண்டும் ரெடியா இருக்கணும், ஹெட்மாஸ்டர்."