கப்பல் பாயை ஊருக்கு அனுப்பிய கதை

பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லாத ஆம்பூரில், கடல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கப்பல் பாய்தான். சரக்குக் கப்பல்களில் காலமெல்லாம் உழைத்துவிட்டு, நான் ஆபீஸில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த ஷூ கம்பெனிக்கு வாட்ச்மேனாக வந்து சேர்ந்தார். கப்பல் தொழிலாளர்களுக்காக உலக நாடுகள் கூடிப் போட்ட சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எங்களிடம் கப்பல் இல்லை என்பதை மட்டும் அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

அந்தச் சட்டப்படி ஒரு நாளில் பத்து மணி நேரமாவது ஓய்வு வேண்டும். எங்கள் தையல் செக்ஷனிலோ, ஷிப்மென்ட் நெருங்கினால் பெண்கள் நடுராத்திரி வரை மிஷினில் கிடப்பார்கள். விடிந்ததும் திரும்ப ஓடி வருவார்கள். பாய் கேட்டிலேயே மடக்கினார்.

"ஸ்டெல்லாம்மா, நேத்து எத்தினி மணிக்கு வெளிய போனே?"

"பதினொண்ணு பாய்."

"அப்ப ஒம்போதுக்கு வா. இப்ப போய்ப் படு."

தகவல் கேட்டு மேனேஜர் வீட்டிலிருந்து பைக்கில் பறந்து வந்தார். அவருக்கும் கேட் திறக்கவில்லை.

"யோவ் பாய், நான் மேனேஜருய்யா!"

"கேப்டனுக்கும் ரெஸ்ட் உண்டு சார். கண்ணு இன்னாமா செவந்து கெடக்குது பாருங்க. போய்த் தூங்குங்க."

ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. ஆள் இல்லாமல் மிஷின் ஓடாது. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, சாயங்காலமே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார். ஸ்டெல்லா அக்கா, தன் பிள்ளை தூங்குவதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்தார். அப்புறம் பாய் என்ன கிறுக்குத்தனம் செய்தாலும் தையல் செக்ஷன் முழுக்க அவர் கட்சிதான்.

பிறகு, எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க ஓர் அம்மையாரை அனுப்பியது. மேனேஜர் முன்னெச்சரிக்கையாக பாயைக் கேன்டீனில் பிரியாணியோடு உட்கார வைத்தார். அம்மையார் நேரே கேன்டீனுக்குத்தான் போனார். மொழிபெயர்ப்புக்கு நான். ஏதாவது குறை உண்டா என்று பாயைக் கேட்டார்.

"ஜாஸ்தி ஒண்ணும் இல்லம்மா. லைஃப் போட் இல்ல. லைஃப் ஜாக்கெட் இல்ல. தண்ணி உள்ள பூந்துச்சுன்னா இத்தினி பேரும் இன்னா பண்ணுவாங்க?"

சிரிக்காமல் அதை மொழிபெயர்த்ததுதான் நான் அந்தக் கம்பெனியில் செய்த ஒரே கடினமான வேலை. அம்மையார் அக்கறையாக எழுதிக்கொண்டார். அடுத்த வாரமே, உயிர்காக்கும் படகு ஏன் இல்லை என்று விளக்கம் கேட்டு மெயில் வந்தது. மேனேஜர் அன்றைக்கே பாயின் சீட்டைக் கிழித்தார்.

தையல் செக்ஷனே இடிந்துபோனது. கேட்டுக்கு வேறு ஆள் வந்தால் பழையபடி நடுராத்திரி வரை மிஷின்தான். ஸ்டெல்லா அக்கா அழுதேவிட்டார். பாயோ கேட் நடுவில் நின்றவர் நின்றபடியே நின்றார்.

"வேலய விட்டு எடுத்தா ஊர்ல கொண்டுபோய் வுடணும் சார். மொதலாளி செலவு. சட்டம்."

"உன் வூடு எதுத்த சந்துல இருக்குதுய்யா!"

"தூரத்தப் பத்திச் சட்டத்துல பேச்சில்ல சார்."

சரக்கு ஏற்ற வந்த கன்டெய்னர் லாரி அவர் நகராமல் உள்ளே வர முடியாது. தொலைந்தால் போதும் என்று மேனேஜரே போய் ஆட்டோ பிடித்து வந்தார். பாய் டிபன் கேரியரோடு மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தார். மிஷினை விட்டுவிட்டு எல்லாரும் வந்து, லாரிக்கு வழி விடாமல் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றோம்.

"எங்க போவணும் பாய்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆளு எந்த எடத்துல வேலைக்குச் சேந்தானோ, அங்கயே வுடச் சொல்லிக் கேக்கலாம். அதுவும் சட்டம்தான். என்ன இந்த கேட்டுலதாம்பா வேலைக்குச் சேத்தாங்க. ஒரு ரவுண்டு அடிச்சிட்டு இங்கயே வுட்டுடு."

ஆட்டோ பைபாஸ் வரை போய்த் திரும்பி வந்தது. பாய் இறங்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் ஆட்டோவுக்குக் காசைக் கொடுத்துவிட்டு அவரிடம் வந்தார்.

"இன்னொரு வாட்டி உன்ன ஊருக்கு அனுப்ப என்னால ஆவாதுய்யா. எழுந்து லாரிக்குக் கேட்டத் தொற."

தையல் செக்ஷன் போட்ட கூச்சலில் லாரி ஹாரன் சத்தமே கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் வெளியே வரும்போது பாய் என்னையும் அதட்டினார். "மூஞ்சியப் பாரு, பேஜாரா இருக்கே. போய் நல்லாத் தூங்கு." அதற்கப்புறம் எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். என்னைத் தூங்கச் சொல்லி அதட்ட எந்த வாசலிலும் ஒருத்தர் வாய்க்கவில்லை.