கனகாம்பிகையின் வெறுங்கை நடை

"வீட்டுக்காரம்மாவ அடிச்சு வெரட்டிப்புட்டு பேப்பரா வாசிக்கிறீங்க, சேர்?"

பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலாயியின் சத்தம், பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்து ஆசிரியர் விடுதியையே உலுக்கியது.

"நான் ஆரையும் அடிக்கேல்லை," என்று கத்தினார் பாலச்சந்திரன் மாஸ்டர். "அவ நடக்கப் போயிருக்கிறா."

"எங்க?"

"ஓரிடமும் இல்லை. சும்மா."

"சும்மா எந்தப் பொம்பள நடப்பா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அந்த ரோட்டில் பெண் என்றால் முதுகில் கூடை, தலையில் விறகு, இடுப்பில் பிள்ளை என்று ஏதாவது இருக்கும். வெறுங்கையை வீசிக்கொண்டு வேகமாகப் போகிறவள் புருஷனோடு கோபித்துக்கொண்டு போகிறவள்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த மாஸ்டரின் மனைவி கனகாம்பிகைக்கு இது எப்படித் தெரியும்? அவளுடைய அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்து கண்டிக்குப் போய் டாக்டரைக் கேட்டாள். தவறாமல் உடற்பயிற்சி செய்தால் வரும் வாய்ப்பு கொஞ்சம் குறையலாம், ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது என்றார் அவர். அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க அவள் தயாரில்லை.

வேலாயி சத்தம் போட்ட மறுநாள், கடைக்குப் போகிற மாதிரி இருக்கட்டும் என்று ஒரு பையை எடுத்துக்கொண்டாள்.

"துணிமணியோட கெளம்பிட்டாங்க," என்றது தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயம்.

அடுத்த நாள் மாஸ்டரையே கூட்டிப்போனாள். ஏற்றத்தில் அவர் மூச்சிரைக்கப் பின்தங்கினார்.

"கெஞ்சிக்கிட்டே பின்னால ஓடுறாரு, பாவம்."

அதற்குமேல் ஊர் பொறுக்குமா? சமாதானம் பேச மூன்று பேர் கிளம்பினார்கள். வேலாயியும் பெரிய கிளாக்கர் மனைவி மீனம்மாவும் தினமும் பின்னேரம் அவளோடு பாலம்வரை போய்த் திரும்பும்வரை புத்தி சொன்னார்கள். காவல்காரர் மனைவி பேச்சியம்மா பேசாமல் கூடவே நடந்தாள்.

கனகாம்பிகை அக்காவின் கதையைச் சொன்னாள். மீனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு வேகம் வேண்டும், மூச்சு வாங்கினால் பரவாயில்லையா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டார்கள். மறுநாளும் புத்தி சொல்ல வந்து நின்றார்கள்.

கனகாம்பிகைக்குப் பொறுமை போனது. மூவரையும் வாசலில் நிறுத்தி, புருஷனின் கையைப் பிடித்துக் காட்டினாள்.

"எங்களுக்குள்ளை ஒரு சண்டையும் இல்லை. இனி நீங்கள் வரத் தேவையில்லை. உங்கட வீடுகளிலையும் நானே வந்து சொல்லிவிடுறன்."

மூன்று முகங்களும் வாடின. பேச்சியம்மா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"சொல்லிப்புடாதீங்கம்மா. சமாதானம் பேசப் போறோம்னாத்தான் எங்கள நடக்கவே விடுறாங்க."

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு தையில் மாஸ்டருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்து, கனகாம்பிகையும் போய்விட்டாள். அந்த வாரமே மீனம்மா பெரிய கிளாக்கரோடு கோபித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாளாம். சமாதானம் பேச மற்ற இருவரும் பின்னாலேயே.