தலைமையுரையும் காம்பவுண்டுச் சுவரும்

சிட்லபாக்கம்,
14-11-1991

மதிப்பிற்குரிய மைத்துனர் அரிகிருஷ்ணன் அவர்களுக்கு, துளசிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை ஜெயக்கொடி, மகன் கேசவன் மூவரும் நலம். கீழ்க்கட்டளையில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொல்கிறவர்களுக்கு என்ன குறைச்சல்?

ஆடியில் வந்திருந்தபோது, "பையன காலேஜ்ல என்.எஸ்.எஸ்.ல சேத்து வுடுங்க மாப்ளே. ஊருக்கு செய்யறதுன்னு பேரு, லாபமெல்லாம் அவனுக்குத்தான். கூச்சம் போவும், நாலு பேரு பழக்கம் வரும், தலைவனா வருவான்" என்றீர்களே, எல்லாம் வந்துவிட்டது. நாலு பேர் பழக்கம் நாற்பது பேராகி, அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். கேட்டால் முகாமாம். தெருத் தண்ணீர் ஏரிக்குப் போகும் பழைய கால்வாய் தூர்ந்து கிடக்கிறது, அதைத் தோண்டுகிறார்களாம். வீட்டில் ஒரு வாளி தண்ணீர் இறைக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை, அங்கே மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தப் பெருமையில்தான் கெட்டேன். ஊர்ப் பெரிய மனிதர் என்று முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். மாலையும் போட்டு மைக்கையும் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? "தம்பிகளே, நேராக வெட்டுங்கள்! குறுக்கே எவன் சுவர் வந்தாலும் இடித்துத் தள்ளுங்கள்!" என்று முழங்கிவிட்டேன். கைதட்டல் அடங்கவே இல்லை. போன வருஷம் அந்தக் கால்வாய் மேலேயே காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, அதையொட்டிக் குளியலறையும் கட்டியது நான்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பாவிகள் நேராகத்தான் வெட்டினார்கள். நேற்று என் சுவருக்கு வந்து சேர்ந்தாயிற்று.

கேசவன் கடப்பாரையோடு நிற்கிறான். "இன்னாப்பா, இடிக்கலாமா?" என்கிறான். கொஞ்சம் வளைத்து, பக்கத்து வீட்டு சுவிசேஷமுத்துவின் தென்னை மரத்தோரமாகக் கொண்டுபோடா என்றேன். "நேரா வெட்டச் சொன்னது நீங்கதானேப்பா? தெருவே கேட்டுச்சே!" என்கிறான். என் முகத்தைப் பார்த்துப் பேசாத பிள்ளை. கூச்சம் சுத்தமாகப் போய்விட்டது, மச்சான். உங்கள் தங்கையாவது எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தால், "மைக்ல பேசச் சொல்லோ நல்லா இருந்துச்சி, இப்ப இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறீங்க?" என்கிறாள். மொசைக் போட்ட குளியலறை, வயிறு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீங்கள் வந்து, தாய்மாமன் என்ற உரிமையில் அவனை அந்தக் கும்பலிலிருந்து விலக்கி, என் சுவரைக் காப்பாற்ற வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் யோசனைக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தெருவில் தலைகாட்ட முடியாத
துளசிங்கம்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புதுக் கால்வாய் வழியாகத் தெருத் தண்ணீர் மொத்தமும் ஒழுங்காக வந்து, சுவரில் முட்டித் திரும்பி, வாசல் வழியாக எங்கள் சமையலறைக்குள் புகுந்தது. கேசவனிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கி நானே சுவரை இடித்தேன். குளியலறையும் போயிற்று, தண்ணீரும் ஏரிக்குப் போயிற்று. தெருவே கைதட்டியது, மறுபடியும் மாலை. ஆகையால் பையனை விலக்க வேண்டாம். அடுத்த முகாம் உங்கள் தெருவில்தான். கேசவன் தலைவன், தொடக்க உரை நான். அங்கே கால்வாய் உங்கள் புது கார் ஷெட்டுக்கு அடியில் போகிறதாம். எனக்குத் தெரிந்தது அந்த ஒரே பேச்சுதான், மச்சான்.