புதன்கிழமை வந்த அமாவாசை

அந்தப் புதன்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்த குமரகுரு, பல் விளக்குவதற்கு முன்னாலேயே புதன்கிழமையைத் திருடிவிட்டான்.

சுவரில் தொங்கிய தினசரி கேலண்டரில் செவ்வாயைக் கிழித்தான். அதோடு நிற்காமல் புதனையும் கிழித்து, நாலாக மடித்து, லுங்கி முடிச்சில் செருகிக்கொண்டான். இப்போது கேலண்டரில் வியாழக்கிழமை. தேதிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். அமாவாசை.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு மரியாதை கிடையாது. அமாவாசைதான் லீவு. கரண்ட் போனாலும் தறி ஓடும். மாமியார் வந்தாலும் ஓடும். அமாவாசைக்கு மட்டும் ஓடாது. அதனால் குமரகுரு குடியிருக்கிற பிள்ளையார்பாளையத்தில் யாரும் கிழமை கேட்க மாட்டார்கள், அமாவாசை எப்போ என்றுதான் கேட்பார்கள். குமரகுருவின் திட்டமே அதை நம்பித்தான்.

இவ்வளவும் எதுக்கு? விரால் மீனுக்கு.

அவன் கூட்டாளி கிறிஸ்டோபர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மெஷின் படுத்துவிட்டது, இந்த வாரம் பூரா வேலை இல்லை. முந்தின நாள் போன் பண்ணி, "மச்சான், நாளைக்கு தென்னேரி ஏரில வலை போடுறாங்க. விரால் வாங்கி கரையிலயே வறுத்துத் துன்னலாம், வந்துடு" என்றான். அதிலிருந்து குமரகுருவுக்கு வேறு நினைப்பே இல்லை.

நிஜ அமாவாசை வியாழன்தான். அன்றைக்கு லீவு உண்டு, ஆனால் வீட்டுக்குள் முட்டை கூட வராது. புதனன்று விரால் உண்டு, லீவு இல்லை. தறியில் அவன் வலது பக்கம் உட்கார்ந்தால், புடவையின் இடது கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ள அவன் பொண்டாட்டி அம்சவேணி உட்காருவாள். ஒருத்தர் எழுந்தால் புடவை நின்றுவிடும். கொல்லைப்பக்கம் போனாலே "இன்னா, எங்க?" என்று கேட்கிறவள் தென்னேரிக்கா விடுவாள்? அதனால் லீவை ஒரு நாள் முன்னால் இழுத்துவிட்டான். போனிலும் தேதி தெரியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் குமரகுருவே இல்லை.

அம்சவேணி வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, இன்னும் தறில உக்காரல?"

"அமாவாசைல எவன்மா தறில உக்காருவான்?"

அவள் கேலண்டரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். லுங்கி முடிச்சில் எட்டிப்பார்த்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அட, ஆமா. நான் புதன்னு நெனைச்சிக்கினு இருக்கேன்."

"வேலை வேலைன்னு கெடந்தா இப்படித்தான்மா. கெழமையே மறந்துபூடும்."

"நல்ல வேளை சொன்னீங்க. படையல் போடுற அன்னைக்குக் கோலம் ஆகாது. போயி அழிச்சிட்டு வாங்க."

"நானா?"

"படையல் உங்க அப்பாவுக்கா, எங்க அப்பாவுக்கா?"

அழித்தான். இருபத்தோரு புள்ளிக் கோலம். இடுப்பு விட்டுப்போனது.

"சரிமா, ஒரு காபி குடுத்தா குடிச்சிட்டு அப்படியே வெளிய போயிட்டு..."

"காபியா? விரதங்க. போன அமாவாசைக்கு நான் ஒரு வாய் டீ குடிச்சதுக்கு, மேல இருக்கற அப்பா கோச்சிக்குவாருன்னு சொன்னது யாரு?"

அவன்தான் சொன்னான்.

"மொதல்ல தலைக்கு ஊத்திக்கினு வாங்க. அப்பால சாமி ரூமைத் துடைங்க. பித்தளை வெளக்கு ரெண்டும் கறுத்துப் போயிருக்குது. புளி போட்டுத் தேய்ங்க. கடைக்குப் போயி வாழக்கா, பூசணிக்கா, இலை."

"இதெல்லாம் எப்பவும் நீதான செய்வ?"

"எப்பவும் நான் மறக்காம இருப்பேன். இன்னைக்கு மறந்துட்டேன். உங்களுக்குத்தான ஞாபகம் இருந்துச்சு."

குமரகுரு புளியை எடுத்தான்.

ஒன்பது மணிக்குள் கிறிஸ்டோபர் நாலு தடவை போன் அடித்துவிட்டான். ஐந்தாவது தடவை அடித்தபோது அம்சவேணியே வந்து போனை எடுத்துக்கொண்டாள்.

"படையல் முடியற வரைக்கும் போன் வேணாங்க. உங்க அப்பா வந்து போற நேரம். இங்க பாட்டு அலறிச்சின்னா வழியிலயே திரும்பிடுவாரு."

அடுப்பங்கரைக்குள் போய் யாரிடமோ மெதுவாகப் பேசினாள். இவன் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கறை. கவனிக்கவில்லை.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு இலை போட்டாள். சோறு, வெங்காயம் போடாத சாம்பார், வாழைக்காய், பூசணிக்காய். குமரகுரு பாய்ந்து உட்கார்ந்தான்.

"காக்காவுக்கு வெச்சீங்களா?"

எழுந்தான். சோற்றுருண்டையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். கா கா என்று கத்தினான். எதிர்க் கம்பியில் ஏழு காக்கா உட்கார்ந்திருந்தது. ஒன்றும் இறங்கவில்லை. கெஞ்சினான். கையைத் தட்டினான். "அப்பா, உன் புள்ளப்பா, வந்து துன்னுட்டுப் போப்பா" என்று கூடச் சொல்லிப் பார்த்தான். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றான். காக்காவுக்குக் கூட அன்றைக்குப் புதன்கிழமை என்று தெரிந்திருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மிளகாய்த்தூள், பூண்டு, எண்ணெய், மீன். பசியில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் ஏழு காக்காவும் ஒரே நேரத்தில் கீழே அவன் வீட்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பியது.

படியை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினான். கூடத்தில் கிறிஸ்டோபர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இலையில் நாலு துண்டு விரால். அம்சவேணி ஐந்தாவதைத் தோசைக்கல்லில் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மச்சான், நீ விரதமாமே? அண்ணிதான் போன்ல சொன்னாங்க. மீனை இங்கியே எடுத்துக்கினு வரச் சொன்னாங்க."

"அம்சா, அமாவாசை அன்னைக்கு வீட்ல மீனா?"

"அமாவாசை உங்களுக்குங்க. எனக்கு இன்னைக்கு புதன்கெழமை." தனக்கும் ஒரு இலை போட்டு உட்கார்ந்தாள்.

குமரகுரு கொஞ்ச நேரம் விராலைப் பார்த்தான். மானம் பெரிதா, மீன் பெரிதா? மீன்தான்.

"சரிமா, தப்பு என் மேலதான். நான்தான் கிழிச்சேன். இன்னைக்கு புதன்தான். ஒரே ஒரு துண்டு வை."

"விரதத்தை பாதில வுட்டா குடும்பத்துக்கு ஆகாதுங்க. கிறிஸ்டோபர் தம்பி, வால் துண்டு வெச்சிக்கோங்க."

வால் துண்டும் போனது. குமரகுரு வாழைக்காயை மென்று விழுங்கினான். போகட்டும், நாளைக்கு நிஜமான லீவு. காலை பத்து மணி வரை தூங்கலாம். அதை வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"நாளைக்கு எனக்குத்தாங்க அமாவாசை" என்றாள் அம்சவேணி. "உங்களுக்கு வெள்ளிக்கெழமை. ஆறு மணிக்குத் தறில உக்காருங்க."

"ஒண்டி ஆளா எப்படிமா நெய்யறது? எதிர்க் கரைக்கு நாடா தள்ள ஆள் வேணாமா?"

கிறிஸ்டோபர் நடுமுள்ளை உருவி இலை ஓரம் வைத்தான்.

"நான் வரேன் மச்சான். பட்டறை லீவு. எனக்கு அமாவாசையும் கெடையாது."