பத்துக்கு எத்தனை வலி?

மருத்துவக் கல்லூரியின் மாண்பமை பேராசிரியரே, என் மனைவியின் ஒரே தம்பியே, உம்மிடம் பயின்று நாளை ஊரார் நாடியைப் பிடிக்கவிருக்கும் இறுதியாண்டு இளவேங்கைகளே! அனைவர்க்கும் அத்தானின் வணக்கம். நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனிக் குற்றச்சாட்டு. வலியை அளக்கக் கற்றுக்கொடுத்தீர், ஆற்றக் கற்றுக்கொடுத்தீரா?

உம் அக்காளின் முதுகெலும்பில் புற்றுநோய் குடியேறி, உமது மருத்துவமனையிலேயே சாளரத்தோரக் கட்டிலில் அவள் கிடக்க, நீரோ எதிர்க் கட்டடத்தில் தேர்வுத்தாள்களுக்குள் புதைந்து கிடப்பதால், உம் மாணவர் இருவர் வந்தனர். ஒருவன் நெட்டையன், மற்றவள் வாய் திறவாத கண்ணாடிக்காரி. நெட்டையன் குனிந்து, "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்றான். "ஏழு" என்றாள் உம் அக்காள். என் நெஞ்சு பொறுக்குமா? கட்டில் கம்பியைப் பற்றி எழுந்து, "ஏழு என்ற பின்னும் எழாத மருத்துவமே!" என்று தொடங்கினேன். பக்கத்துக் கட்டில்கள் கைதட்டின. தலைமைச் செவிலியோ ஓடிவந்து, "ஐயா, இது ஆஸ்பத்திரி, மைதானம் இல்லை" என்றார். நெட்டையன் மறுபடி கேட்டபோது, "அஞ்சுதான்ப்பா" என்றாள் உம் அக்காள். என்னே பொறுமை!

பிறகு இருவரும் கதவோரம் ஒதுங்கி, களவுக்குத் திட்டமிடுவோர் போல, "மார்ஃபின்…" என்று கிசுகிசுத்தனர். விடுவேனா? "மார்பின் என்ன? வேற்றுமை உருபைச் சொல்லிவிட்டுப் பெயரை விழுங்குவது எந்த இலக்கணம்? மார்பின் வலியா, மார்பின் கட்டியா? அவளுக்கு நோய் முதுகிலே!" என்றேன். நெட்டையன், "அது கடும் வலிக்குக் குடுக்கற மருந்து பேரு சார். ஆனா அடிமையாயிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றான். உடனே உம் அக்காள், "இத்தனை வருஷமா இவர் பேச்சைக் கேட்டே நான் அடிமையாகல, மருந்துக்கா ஆகப்போறேன்?" என்று சிரித்தாள், சிரித்த வேகத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். அவன் எழுதியது என்ன தெரியுமா? காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரை! மறுநாள் வாசலிலேயே அவர்களை மறித்து, அச்சம் என்னும் நோய் பற்றி விரிவாக உரைத்து உள்ளே அனுப்பினேன். இம்முறை அவள் "மூணு" என்றாள். அவனோ அந்த மாத்திரையையும் குறைத்தான்! போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடப்பவளுக்கு மூன்றா?

அளவறிந்து, நேரம் தவறாமல் கொடுத்து, மலச்சிக்கலுக்கும் சேர்த்தெழுதி, மூச்சின் மீது ஒரு கண் வைத்தால் இந்த மார்ஃபினுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று என் வீட்டுக் கூடத்தில் கால்மேல் கால் போட்டுச் சொன்னீரே, அதை வகுப்பில் சொல்ல உமக்கு என்னய்யா கேடு? பாம்பைக் கண்டாற்போல் மருந்தைக் கண்டு ஓடுகிறவர்களுக்குப் பட்டம் எதற்கு? அந்த இருவரையும் தேர்வில் தோற்கடியும்! இல்லையேல் உம் வகுப்பு வாசலில் மேடை போடுவேன்.

நீரும் உம் மனையாளும் மக்களும் நோயறியாது வாழ்க.

சினமும் அன்பும் குறையா அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறேன். உன் அத்தான் உறை தேடிப் போயிருக்காரு. அந்தப் பிள்ளைங்களை ஃபெயில் பண்ணிடாதே. நான் பெரிய நம்பர் சொன்னா இவர் கூட்டம் போட்டுடறாரு, குறைச்சுச் சொன்னாத்தான் உட்கார்றாரு. என் பொய்க்குத் தகுந்த மருந்தைத்தான் பாவம் அவங்க எழுதினாங்க. காலையில இவர் தண்ணி பிடிக்கப் போனப்ப கண்ணாடிப் பொண்ணு தனியா வந்து பக்கத்துல உட்கார்ந்து, "இப்ப சொல்லுங்கம்மா"ன்னா. ஒன்பதுன்னேன். மார்ஃபின் எத்தனை மணிக்கு எவ்வளவு, வயித்துக்கு என்னன்னு எல்லாம் எழுதிட்டா. அந்த மருந்துக்குப் பெரிய டாக்டர் கையெழுத்து வேணுமாம். உன்கிட்ட வந்து கேட்கப் பயந்து இந்த வார்டு வாசல்லயே நிக்கறா. இதை உறை இல்லாமலே ஆயாம்மாகிட்ட குடுத்தனுப்பறேன். திருத்தறதை அப்படியே மூடி வை. வந்து அவகிட்ட "நீ சரியா எழுதியிருக்கே"ன்னு சொல்லு, கையெழுத்தைப் போடு. உன் அத்தான் திரும்பறதுக்குள்ள வா. இப்பவே வா.